தாளத்தைக் கண்ணால் எண்ணுபவர்கள்: காது கேளாத கலைஞர்களும் நமது மேடைகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில், நவராத்திரி இரவொன்றில் கோயில் மண்டபத்து மேடையில் காது கேளாத சிறுமி ஒருத்தி பரதம் ஆடினாள். எனக்குப் பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "பாட்டே கேக்காம இந்தப் பிள்ளை எப்படித்தான் ஆடுதோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்குத் தெளிவான விடையும் உண்டு. ஆனால் வியப்பும் இரக்கமும் அந்தக் கேள்வியைச் சூழ்ந்துகொள்வதால் விடையைத் தேடிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த விடையைத் தெரிந்துகொண்டால், காது கேளாத கலைஞர்களுக்கு நாம் அமைத்துத் தரும் மேடையில் எது சரியாக இருக்கிறது, எது பிழையாக இருக்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

பெரும்பாலோர் உடனே சொல்லும் விளக்கம் அதிர்வு. தரை அதிர்கிறது, கால் அதை வாங்குகிறது, பிள்ளை ஆடுகிறாள் என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. மனிதத் தோல் அதிர்வை உணரும் என்பதும், விநாடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகள் வரும் இடத்தில் அந்த உணர்வு மிகக் கூர்மையாக இருக்கும் என்பதும், 1000 அதிர்வுகளைத் தாண்டினால் அது மங்கிவிடும் என்பதும் அறிவியல் நிறுவியவை. பன்னிரண்டு வயதளவில் கேட்கும் திறனைப் பெரிதும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி, காலணி இல்லாமல் மேடையேறி, அதிர்வை உடம்பால் வாங்கி வாசிப்பது உலகம் அறிந்தது. நம் ஊர்த் திருவிழாவில் உறுமி மேளக் குழு நெருங்கி வரும்போது நெஞ்சுக்கூட்டில் ஏதோ புரள்வதைக் கேட்கும் திறன் உள்ளவர்களும் உணர்ந்திருக்கிறோம். ஆனால் அந்த நவராத்திரி மேடை சிமெண்டுத் தரை. பாட்டு வந்தது ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து. மரப்பலகை மேடை அதிர்வைக் காலுக்குக் கடத்தும் அளவுக்குக் கெட்டியான சிமெண்டு கடத்தாது. அப்படியே கடத்தினாலும், மிருதங்கத்தின் தொப்பி தரும் கனத்த ஒலி வந்து சேருமே தவிர, ராகமும் சொல்லும் அந்த வழியாக வருவதில்லை. ஆகவே, அதிர்வால்தான் ஆடுகிறாள் என்று சொல்லிவிட்டு நகர்வது, அந்தச் சிறுமியும் அவளுடைய ஆசிரியரும் மாதக்கணக்கில் உழைத்த உழைப்பைத் தரையின் கணக்கில் எழுதிவிடுவதாகும்.

காது கேளாமை ஒரே அளவில் அமைந்ததும் அன்று. சிலருக்குத் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கும், சிலர் காதில் மாட்டும் செவிப்பொறியின் உதவியுடன் தாளத்தின் திசையைப் பிடித்துக்கொள்வார்கள், சிலருக்கு எதுவுமே கேட்காது. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக உதவுபவை கண், நினைவு, உடலுக்குள் ஊறிப்போன எண்ணிக்கை ஆகிய மூன்றுமே. சைகை மொழியில் வளர்ந்த காது கேளாதோர், தமது பார்வையின் ஓரத்தில் நிகழும் அசைவுகளை மற்றவர்களைவிட விரைவாகக் கவனிக்கிறார்கள் என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. நேரே பார்த்தபடி ஆடும்போதே பக்கத்தில் ஆடுபவரின் தோள் எப்போது எழுகிறது என்று அறிய முடிவது குழு நடனத்தில் எவ்வளவு பெரிய துணை என்று ஆடியவர்களுக்குத் தெரியும். சீனாவின் மாற்றுத் திறனாளிகள் கலைக்குழு 2005ஆம் ஆண்டு வசந்த விழாத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடிய 'ஆயிரங்கைக் குவான்யின்' நடனத்தில், காது கேளாத 21 பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் நின்று, ஒரே உடலுக்கு முளைத்த கைகளைப்போல் தம் கைகளை விரித்தார்கள். மேடையின் மூலைகளில் நின்ற ஆசிரியர்கள் சைகையால் தாளம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகும் மூச்சுமே அடையாளம். அந்த ஒழுங்கு தரையிலிருந்து ஏறி வந்ததில்லை, ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் பயின்று வந்தது.

இந்த இடத்தில், நம்முடைய மரபிலேயே கையில் இருக்கும் ஒரு பெரிய வசதியை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பது என் கருத்து. கர்நாடக இசையில் தாளம் என்பது காதுக்கு மட்டும் உரியதன்று, அது கையால் போட்டுக் காட்டப்படுவது. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் உள்ளங்கையைத் திருப்பும் வீச்சும், மறுபடி தட்டும் வீச்சும் என எட்டு எண்ணிக்கையும் கண்ணுக்கு முன்னால் நடந்துவிடுகின்றன. எட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலத்தைக் கையால் வரைந்து காட்டும் இப்படியொரு முறை கைவசம் இருக்கையில், காது கேளாத பிள்ளைக்கு நடனம் கற்பிப்பது இயலாத காரியம் என்று பல ஆசிரியர்கள் திருப்பி அனுப்பியதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசை அந்தப் பிள்ளைக்குக் கேட்காது, ஆனால் தட்டுக்கழி எழுந்து விழுவது தெரியும். திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்னும் கணக்குகள் எண்களாகவே இருப்பவை. அவற்றைப் படிக்கக் காது கட்டாயமில்லை. செய்ய வேண்டிய மாற்றம் சிறியது. மேடையின் ஒரு பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்து தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார், ஆடுபவரின் கண்ணுக்கு நேராக, பார்வையாளர் பக்கம் இறங்கி, விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் அமர வேண்டும். அந்த நவராத்திரி இரவில் ஆசிரியர் முதல் வரிசைக்கு முன்னால் தரையில் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, பார்வையை மறைக்கிறார் என்று பலர் முணுமுணுத்தார்கள். அவர் கை மறைந்திருந்தால் ஆட்டமே நின்றிருக்கும்.

தாளத்தைவிடக் கடினமானது சொல். பதம் என்னும் பாடலுக்கு அபிநயம் பிடிக்கும்போது, 'கண்ணன்' என்ற சொல் பாடகரின் வாயிலிருந்து வரும் அதே நொடியில் குழலைக் காட்டும் கை வந்தாக வேண்டும், அரை நொடி பிந்தினால் சபைக்குத் தெரிந்துவிடும். கேட்காத கலைஞர் இதை எண்ணிக்கையால் மனனம் செய்கிறார். எந்த ஆவர்த்தனத்தின், அதாவது எந்தத் தாளச் சுற்றின், எந்த எண்ணிக்கையில் எந்தச் சொல் என்பது அவருக்கு ஒரு வரைபடம்போல் மனத்தில் இருக்கும். பாடகர் அன்றைக்கு மகிழ்ச்சியில் அதே வரியைச் சற்று மாற்றிப் பாடும் சங்கதி ஒன்றைக் கூடுதலாகப் பாடிவிட்டால் அந்த வரைபடம் குலைந்துவிடும். அதனால்தான் இவர்களுக்குப் பெரும்பாலும் பதிவு செய்த பாட்டையே போடுகிறார்கள். அது பாதுகாப்பானது. ஆனால் கலைஞரை அது ஒரு கைதியாக்கிவிடுகிறது, ஏனெனில் பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. எனக்குச் சரியாகப் படும் வழி வேறு. நல்ல அபிநயக் கச்சேரியில், ஒரு வரியின் பொருளைப் பலவாறு விரித்துக் காட்டும் சஞ்சாரி பாவம் வரும்போது ஆடுபவர் விரித்துக்கொண்டே போக, பாடகர் அவர் முகத்தைப் பார்த்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக் காத்திருப்பார். முதிர்ந்த கலைஞர்களுக்குத் தரப்படும் இந்தச் சலுகையைக் காது கேளாத கலைஞருக்கு நெறியாகவே ஆக்கிவிடலாம். ஆடுபவர் பாட்டைப் பின்தொடராமல், பாடகரும் மிருதங்கக்காரரும் ஆடுபவரைப் பின்தொடரட்டும்.

இதனுடன் சேர்ந்து வரும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். பரத முத்திரைகளும் சைகை மொழிதானே, ஆகவே காது கேளாதோருக்குப் பரதம் எளிது என்று நல்ல மனத்துடன் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கையால் பொருள் காட்டும் கலை நமக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்று கைகள் வகுக்கப்படுகின்றன. அடியார்க்குநல்லார் உரை ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று பெயர் சொல்லி எண்ணுகிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாட்டை உணர்வோரைச் சொல்லும்போது தொல்காப்பியர், 'கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்' என்று கண்ணை முதலில் வைத்ததையும் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் முத்திரை ஒரு மொழியன்று. பாட்டின் சொல் பக்கத்தில் இருக்கும்போது அது பொருளை அழகுபடுத்துகிறது. சொல்லை நீக்கிவிட்டு, முத்திரைகளால் மட்டும் 'நேற்று நீ வராததால் நான் கடைக்குத் தனியாகப் போனேன்' என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. சைகை மொழியில் முடியும். கை வடிவம், கை நிற்கும் இடம், அசைவு, உள்ளங்கையின் திசை, முகக்குறிப்பு ஆகியவை சேர்ந்து சொல்லாகின்றன. அந்தச் சொற்களுக்குத் தனி இலக்கணம் உண்டு. பல சைகை மொழிகளில் புருவம் உயர்ந்தால் அது கேள்வி. பரதத்தில் உயரும் புருவம் வியப்பாகவோ விளையாட்டாகவோ இருக்கலாம். இரண்டையும் அறிந்த காது கேளாத கலைஞர் இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று ஆடுகிறார் என்பதை ஆசிரியர் உணர்ந்தால், திருத்தும்போது எதைத் திருத்துகிறோம் என்பதும் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில், அதாவது ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், காது கேளாத ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் 'ஊமை மாமா' என்றே அழைத்தோம். அவருடைய பெயர் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுப் பட்டியலில் இருந்திருக்கும், எங்கள் வாயில் இருந்ததில்லை. அதை இப்போது எண்ணினால் மனம் உறுத்துகிறது. அவர் ரப்பர் மரம் சீவுபவர். ஒரு நாள் விடியற்காலையில் காட்டோரத்துத் திட்டில் யானையைப் பார்த்துவிட்டு வந்த கதையை, அன்று மாலை லயத்து வாசலில் அவர் சொன்னார். முதலில் அவர் அவராகவே நின்று நெற்றி விளக்கைச் சரிசெய்தார். கத்தியைச் சாய்த்துப் பட்டையை இழுத்தார். பிறகு அவரே மரமாகி, பால் வடிந்து அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சொட்டுவதை விரலால் காட்டினார். அடுத்த கணம் தோள்கள் அகன்று கால்கள் கனத்தன. அவர் யானையாகிவிட்டார். யானை தலையைத் திருப்பிப் பார்க்க, அவர் மறுபடி மனிதராகி மங்கைத் தட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒடுங்கினார். தூரத்தில் நின்ற யானைக்கு இரண்டு விரல், நெருங்கி வந்த யானைக்கு முழு உடம்பு. சொல் ஒன்றும் இல்லாமல் லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பல ஆண்டுகள் கழித்து, உலகக் காது கேளாதோர் நாடகத்தில் இதற்கு ஒரு பெயரும் ஒரு வரலாறும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் காது கேளாத நடிகர் பெர்னார்ட் பிராக், 1950களில் பாரிஸ் சென்று மௌன நடிப்புக் கலைஞர் மார்செல் மார்சோவிடம் பயின்றவர். ஒரே நடிகர் அடுத்தடுத்துப் பல பாத்திரங்களாக மாறுவதும், திரைப்படக் கேமராவைப்போல் தூரக்காட்சியிலிருந்து அண்மைக்காட்சிக்குத் தாவுவதும் கொண்ட ஒரு கதைசொல்லும் பாணியை அவர் வளர்த்தார். இன்று பல நாடுகளின் காது கேளாத கலைஞர்கள் அதைத் தம் சொந்தக் கலையாகப் போற்றுகிறார்கள். எங்கள் லயத்து மாமா பாரிஸுக்குப் போனவரில்லை, பள்ளிக்கே போனவரில்லை. கண்ணால் வாழும் மனிதர்கள் கதை சொல்ல நேரும்போது உடல் இயல்பாகவே இந்த வழியைக் கண்டடைகிறது என்றே நினைக்கிறேன்.

அவர் பள்ளிக்குப் போகாததற்கும், போனவர்கள் என்ன மொழியைக் கொண்டு திரும்பினார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு முறையிலேயே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் காது கேளாதவர் ஏறக்குறைய எவருமே இல்லை. அதன் நிழல் ஒரு நூற்றாண்டுக்குப் பல நாடுகளின் பள்ளிகள் மேல் கிடந்தது. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் ஆய்வாளர் அமெரிக்கச் சைகை மொழிக்கு முழு மொழிக்குரிய அமைப்பு உண்டு என்று காட்டிய பிறகே அறிஞர் உலகம் மெல்ல மாறியது. மிலான் தீர்மானங்களை வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை 2010இல்தான் கைவிட்டது. நம் நாட்டில் 1954இல் பினாங்கில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியிலும் தொடக்க காலத்தில் பேச்சு முறையே நடந்தது. வகுப்பில் உதட்டைப் பார்க்கச் சொன்னார்கள். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தமக்குள் கையால் பேசிப் பேசி உருவாக்கிய மொழியைத்தான் இன்று பினாங்குச் சைகை மொழி என்கிறார்கள், முதியவர்களிடையே அது இன்னும் வாழ்கிறது. 1970களின் பிற்பகுதியில் கல்வித்துறை மலாய் மொழியைக் கைக்குறியீடாக மாற்றிக் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. காது கேளாதோர் சமூகத்துக்குள் வளர்ந்த மலேசியச் சைகை மொழியை, 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் அவர்களுக்குரிய அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றது.

இந்த வரலாறு தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் வாசலுக்கு வரும்போது ஒரு தனித் துயரமாகிறது. வீட்டில் தமிழ். பள்ளியிலோ மலாய், அதுவும் கைவழி. சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, தாய்க்குப் புரியாத ஒரு செழுமையான மொழியுடன் வருகிறது. தாய் கையால் காட்டுவதெல்லாம் சாப்பிடு, குளி, தூங்கு என்பவை மட்டுமே. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தும் தமிழ்க் கதைகள் அந்தப் பிள்ளையைச் சேர்வதில்லை. கோவலன் யார், கர்ணன் ஏன் கவசத்தைக் கொடுத்தான் என்பதெல்லாம் பேச்சாகவும் பாட்டாகவும் திரையாகவும் மற்றப் பிள்ளைகளுக்குத் தாமாகவே வந்து சேர்பவை. இந்தப் பிள்ளைக்கு யாரேனும் உட்கார்ந்து சைகையில் சொன்னால்தான் உண்டு. ஆகவே பதத்துக்கு ஆடக் கற்பிக்கும் ஆசிரியர், கைகளைக் கற்பிப்பதற்கு முன்னால் கதையைச் சொல்லியாக வேண்டும், அதற்குத் தமிழும் மலேசியச் சைகை மொழியும் சேர்ந்து தெரிந்த ஒருவர் வேண்டும். பலமுறை இரண்டு பேரை வைத்துத்தான் அந்தப் பாலத்தைக் கட்ட முடிகிறது. ஒருவர் தமிழை மலாயாக்குவார், மற்றவர் மலாயைச் சைகையாக்குவார். இரண்டாவது கை மாறும்போது பதத்தின் சுவையில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாடகத்தில் இந்தச் சிக்கல்களை மற்ற நாடுகள் எப்படி எதிர்கொண்டன என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய தேசியக் காது கேளாதோர் நாடகக் குழு, காது கேளாத நடிகர்களையும் கேட்கும் நடிகர்களையும் ஒரே மேடையில் நிறுத்தி, கண்ணுக்குச் சைகையும் காதுக்குப் பேச்சும் ஒரே நேரத்தில் கிடைக்கச் செய்தது. 1991இல் லாஸ் ஏஞ்சலஸில் தோன்றிய டெஃப் வெஸ்ட் குழு இன்னும் ஒரு படி போனது. ஒரே பாத்திரத்தை இருவர் ஏற்பார்கள், ஒருவர் சைகையால் வாழ்வார், மற்றவர் அவருக்குக் குரலாவார். அவர்களுடைய 'பிக் ரிவர்' இசை நாடகத்தில், கூட்டுப் பாடல் உச்சத்தை எட்டும் இடத்தில் குரலும் இசையும் சட்டென்று நிற்க, எல்லாரும் சைகையில் மட்டும் பாட்டைத் தொடர்வார்கள். அந்தச் சில நொடிகள் அரங்கம் முழுவதும் கண்ணால் கேட்டது. ஜப்பானில், நம்மவர்களும் விரும்பிப் படிக்கும் 'டோட்டோ சான்' நூலின் வருமானத்தைக் கொண்டு அதன் ஆசிரியர் தெத்சுகோ குரோயானாகி அமைத்த அறக்கட்டளை, காது கேளாத நடிகர்களுக்குப் பயிற்சி தந்து, கியோகென் என்னும் மரபு நகை நாடகத்தைச் சைகை மொழியில் மேடையேற்றுகிறது. நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி இதுதான் என்பேன். ஒரு பழைய மரபுக் கலை, தன் இலக்கணத்தை விட்டுக்கொடுக்காமல் காது கேளாதவருக்கு இடம் தர முடியும் என்பதற்கு அது சான்று.

யார் நடிப்பது என்ற கேள்வியும் தமிழருக்குப் புதிதன்று. 2007இல் வந்த 'மொழி' படம் காது கேளாத, வாய் பேசாத பெண்ணை மதிப்போடு காட்டியது. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் கேட்கும் திறன் உள்ள ஜோதிகா. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'நாடோடிகள்' படத்தில், உண்மையிலேயே காது கேளாத அபிநயா நடித்தார். அவருடைய பாத்திரமோ மற்றவர்களைப்போல் பேசும் ஒரு பெண், குரல் மட்டும் வேறொருவருடையது. இந்த இரண்டாவது செய்தி நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் குறை. காது கேளாத நடிகரைக் காது கேளாத பாத்திரத்துக்கு மட்டும் தேடுவோம் என்ற எல்லையை ஒரு தமிழ்ப் படம் அப்போதே தாண்டியிருக்கிறது. ஹாலிவுட்டில் 1987இல் மார்லி மாட்லின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற பிறகு, இன்னொரு காது கேளாத நடிகர், டிராய் கோட்சூர், நடிப்புக்கான ஆஸ்காரை வாங்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் மண்டபத்துக்குத் திரும்புவோம். இங்கே செலவு பிடிக்கும் மாற்றங்களைவிடச் செலவில்லாத மாற்றங்களே மிகுதி. காது கேளாத பார்வையாளர்களை ஓரத்தில் உட்கார வைக்காமல், மேடையும் சைகை மொழிபெயர்ப்பாளரும் ஒரே பார்வையில் அடங்கும் இடத்தில் உட்கார வைக்கலாம். உணர்ச்சிக்காக விளக்கை முழுதாக அணைப்பதைத் தவிர்க்கலாம், ஏனெனில் இருட்டில் சைகை மொழி வாயடைத்துப்போகும். கைதட்டுவதுடன் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தால் பாராட்டு மேடையில் இருப்பவரைச் சென்று சேரும். பலகை மேடை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் ஆட்டம் நிற்காது. கடினமானது ஒன்றுதான். நான் பார்த்த நிகழ்ச்சிகளில் காது கேளாதோர் ஆடினார்கள், ஆனால் என்ன ஆடுவது, எப்படி ஆடுவது என்று முடிவு செய்தவர்கள் அனைவரும் கேட்பவர்கள். தேர்ந்தெடுத்த பாட்டு நம் பாட்டு, சரி தவறு பார்க்கும் அளவுகோல் நம் காது. காது கேளாத ஒருவர் நாடகத்தை எழுதி, இயக்கி, தன் மொழியின் தாளத்தில் அதை அமைத்து, நாம் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றைத் தோட்டப்புறத் தமிழ் மேடை இன்னும் கேட்டுப் பெறவில்லை. எங்கள் லயத்து வாசலில் அது ஒரு மாலை நடந்தது. அன்றைக்கு யாரும் அதை நாடகம் என்று சொல்லவில்லை.

அந்த நவராத்திரி நிகழ்ச்சிக்குப் பிறகு சிறுமியின் தாயிடம் பேசினேன். மகளின் பள்ளிச் சைகைகளில் பாதிகூடத் தமக்குத் தெரியாது என்றார். ஆனால் ஒத்திகைக்குக் கூட்டிப் போய்வந்த நாட்களில் ஆசிரியரைப் பார்த்து ஆதி தாளம் போடக் கற்றுக்கொண்டாராம். வீட்டில் அடுப்பங்கரையில் நின்றபடி அவர் கையில் தாளம் போட, மகள் கூடத்தில் ஆடிப் பார்ப்பாளாம். "தப்பாப் போட்டா ஆட்டத்த நிறுத்திட்டு என் கையப் புடிச்சுத் திருத்துவா" என்று சொல்லி, எட்டாவது எண்ணிக்கையின் வீச்சை எனக்குச் செய்து காட்டினார்.